விலகிய புள்ளிகள்

முதல் பேருந்து ஐந்தரைக்கு.
அதற்கு முன்பே நடந்து போகிறவர்களைப் பற்றியது
என் முதுகலை ஆய்வு.
ஈசூனில், கால்வாய்க்கு இந்தப் பக்கம்,
பதினான்கு பேரின் பைகளில்
தீப்பெட்டி அளவில் ஒரு கருவி.
ஐந்து விநாடிக்கொரு தரம் வானத்தைக் கேட்டு
தான் எங்கே என்று குறித்துக்கொள்ளும்.

வானம் எப்போதும் சரியாகச் சொல்வதில்லை.
பதினாறு மாடி வீவக புளோக்குகளுக்கிடையே
சமிக்ஞை சுவரில் மோதித் திரும்பும்;
கீழ்த்தளத்தில் தே ஓ குடிப்பவரை
கால்வாய் நடுவே நிறுத்தும்.
திருவாட்டி நோராஷிகின் ஒரு நாள்
மூன்று விநாடி நீர்த்தேக்கத்தின் மேல் பறந்தார்.
காட்டினேன். மலாயில் சிரித்தார்:
அதான் அன்றைக்குக் கால் வலிக்கவில்லை.

ஆகவே துப்புரவு.
நடைபாதையிலிருந்து இருபது மீட்டர் விலகினால்
பிழை. அழி.
மூன்று வாரம், நூலகத்தின் ஐந்தாம் மாடியில்,
குளிருக்குச் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு
அழித்தேன்.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் புள்ளிகள்.
வரைபடம் சுத்தமானது.
எல்லோரும் ஓரமாக நடந்தார்கள்,
ஒரு வாகனமும் இல்லாத சாலையில்
பச்சை மனிதனுக்காகக் காத்திருந்தார்கள்.

ஒன்பதாம் எண் மட்டும் ஒத்துவரவில்லை.
நாற்பது நிமிட வழியை
பதினெட்டில் முடித்திருந்தது.
திருவாட்டி லிம் சியூ ஹொங்,
மருத்துவமனைச் சமையலறையில் தட்டு கழுவுபவர்,
முட்டி தேய்ந்தவர்.
ஓடியிருக்க முடியாது. சைக்கிளும் இல்லை.

அழித்ததை மீட்டுப் போட்டேன்.
இருபத்திரண்டு விடியல்கள், சிவப்பாக,
ஒரே இடத்தில்
வேலியைக் கடந்திருந்தன.
சுவரில் மோதிய சமிக்ஞைக்கு
இவ்வளவு ஒழுங்கு கிடையாது.
பிழை என்று நான் அழித்தது
ஒருவர் பிழைப்புக்குப் போகும் வழி.

மறுநாள் நாலே முக்காலுக்குப் போய் நின்றேன்,
ரயில் மேம்பாலத்தின் கீழே.
வேலிக்கம்பியை வெட்டி, வளைத்து,
நுனியில் யாரோ
சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டியிருந்தார்கள்,
சட்டை கிழியாதிருக்க.
புல்லில் ஒரு அடி அகலத்துக்கு மண் தெரிந்தது.
கால்வாயில் அன்றைக்குக் கணுக்கால் நீர்;
குறுக்கே ஒரு கட்டுமானப் பலகை,
ஆணிகளையெல்லாம் தட்டி மடக்கியது.
பத்து நிமிடத்தில் ஏழு பேர் கடந்தார்கள்.
என் பதினான்கில் அவர்களில் ஒருவர்தான்.

முனைவர் ஆண்ட்ரியா பிந்தோ
நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டார்:
"இதுதான் உன் நான்காம் அத்தியாயம்.
ஆயத்தொலைவுகளை இணைத்து
நகர மன்றத்துக்கு ஒரு பிரதி அனுப்பு."

நகர மன்றத்தார் கெட்டவர்கள் இல்லை.
மூன்று வேலை நாளில் பதில் போடுவார்கள்.
வேலி ஒரே நாளில் சரியாகிவிடும்.
பாலத்துக்கு
சாத்தியக்கூற்று ஆய்வு, மண் சோதனை, ஒப்பந்தப்புள்ளி.
எனக்குத் தெரியும்,
அந்த வேலைக்குத்தான் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கப் போகிறேன்.

அனுப்பாமலும் இருக்க முடியவில்லை.
பெருமழையில் அந்தக் கால்வாய்
கால் மணி நேரத்தில் மார்பளவு.
பலகைக்கு மிதக்கத் தெரியும்.

திருவாட்டி லிம்மிடம் கேட்டேன்,
கோப்பிக்கடையில், என் உடைந்த மாண்டரினில்:
அந்த வழியை எழுதட்டுமா?
பையை வெகுநேரம் துழாவினார்.
கருவியை எடுத்து மேசைமேல் வைத்து
"பேட்டரி தீர்ந்துவிட்டது" என்றார்.
அதில் பச்சை விளக்கு
சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் எண்ணை இரண்டாம் முறையாக அழித்தேன்.
முதல் முறை அழித்தபோது
கோப்பியும் கையுமாக இருந்தேன்.

கால்வாயைக் கடக்க ஒரு பாலம் தேவை,
இந்த எண்ணூறு மீட்டருக்குள் எங்காவது,
என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.
தரவு? என்று பென்சிலில் கேட்டிருக்கிறார் பிந்தோ,
கீழே இரட்டைக் கோடு.
இன்னும் பதில் எழுதவில்லை.

விடியலில் மழை தொடங்கினால்
ஆய்வுக்குச் சம்பந்தமில்லாமல் எழுந்து உட்கார்ந்து
கால்வாய் நீர்மட்டத்தின் எண்
ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
ஐந்து மணி தாண்டும் வரை.